பத்து கேன் நல்ல தண்ணி

கடற்கரை ஊருக்கு மீன் எந்தத் திசையிலிருந்து வரும் என்பதில் மணமேல்குடிக்காரர்களுக்கு அதுவரை சந்தேகம் வந்ததில்லை. கிழக்கேயிருந்து வரும். மேற்கே அறந்தாங்கியிலிருந்து, டவுன் பஸ்ஸில், பாலிதீன் பையில் காற்றடைத்து, உயிரோடு மீனைக் கொண்டுவந்த முதல் ஆள் எழிலரசன். அந்தப் பஸ்ஸின் கண்டக்டரே அவர்தான் என்பதால் இறக்கிவிடவும் ஆளில்லை.

பை, கண்டக்டர் சீட்டுக்கு மேலே கம்பியில் தொங்கியது. உள்ளே ஆறு மீன், ஆறு நிறம். நாகுடி தாண்டியதும் ஜெகதாப்பட்டினத்துக்காரர் ஒருவர், ஐஸ் பிளாண்டில் வேலை பார்ப்பவர், எழுந்து வந்து பையை விரலால் சுண்டினார்.

"என்னண்ணே, கிலோ என்ன வெலை?"

"கிலோ கணக்கு இல்லண்ணே. ஒண்ணு எரநூத்தம்பது."

"ஒரு மீனா? இந்தச் சுண்டுவெரலா?" அவர் பக்கத்து சீட்டைத் துணைக்கு அழைத்தார். "எரநூத்தம்பதுக்கு நல்ல ஊளி மீனா வாங்கிக் கொழம்பு வச்சா நாலு பேரு திங்கலாம். இத வறுத்தா எண்ணெய்தான் மிஞ்சும்."

"திங்கிறதுக்கு இல்லண்ணே. பாக்குறதுக்கு."

"மீனைப் பாக்குறதா? நாங்க பொறந்ததுலேருந்து பாத்துக்கிட்டுத்தான இருக்கோம். எவனும் எங்ககிட்ட காசு கேக்கலையே."

ஸ்டியரிங்கிலிருந்து டிரைவர் சேவுகன் குரல் கொடுத்தார். "மாப்ளே, அதுல பொட்டை எத்தனைன்னு பாத்து டிக்கெட் போடு. பொட்டைக்கு ஃப்ரீ."

பஸ்ஸே சிரித்தது. எழிலரசனும் சிரித்துவிட்டு, மிஷினில் லக்கேஜ் டிக்கெட் ஒன்று அடித்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அவர் அப்படிப்பட்ட ஆள். எதற்கு மீன் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. பஸ்ஸில் பாதிப் பேருக்கு விஷயம் தெரியும். தெரிந்ததால்தான் அவ்வளவு சத்தமாகச் சிரித்தார்கள்.

விஷயம் இதுதான். போன கார்த்திகையில் எழிலரசனின் மகள் காவ்யா இறந்துபோனாள். ஏழு வயது. டெங்கு. நாலு நாள் அனலாக அடித்த காய்ச்சல் நாலாம் நாள் சாயங்காலம் விட்டுவிட்டது. எழிலரசனுக்கு அன்றைக்கு வண்டி ஜெகதாப்பட்டினத்தில் நைட் ஹால்ட். மனைவி பிரகதீஸ்வரி போன் போட்டு, "காச்ச விட்டுருச்சுங்க. நல்லாத் தூங்குறா" என்றாள். விடிந்தபோது பிள்ளையின் கைகால் ஐஸ்கட்டியாக இருந்தது. அறந்தாங்கிக்கு ஓடி, அங்கிருந்து புதுக்கோட்டைக்கு ஓடி, மத்தியானம் இரண்டரைக்கு எல்லாம் முடிந்தது. இந்தக் காய்ச்சலில் சூடு இறங்குகிற நேரம்தான் ஆபத்தான நேரம் என்றார் டாக்டர். "நேத்து சாயங்காலமே கொண்டாந்திருந்தா பாத்திருக்கலாம்." டாக்டர்கள் இதைக் கோபமாகச் சொல்வதில்லை. மணி கேட்டால் சொல்வதுபோலச் சொல்வார்கள்.

எழிலரசன் திரும்பினார். ஆஸ்பத்திரி வராந்தாவில், சொந்தக்காரர்கள் முப்பது பேருக்கு நடுவில், பெண்டாட்டியைப் பார்த்து ஒரே ஒரு வரி கேட்டார்.

"பக்கத்துலயே இருந்து என்னத்தடி பாத்துக்கிட்டிருந்தே?"

அதோடு சரி. அன்றிலிருந்து பிரகதீஸ்வரி அவரிடம் பேசவில்லை. சோறு வரும். குடிக்கத் தண்ணீர் வரும். யூனிஃபார்ம் துவைத்துத் தேய்த்து வரும். பேச்சு வராது. கோபம்கூட வராது. பக்கத்து வீட்டுச் செவந்தி தன் மருமகளைத் திட்டும்போதெல்லாம் இந்த வீட்டைத்தான் உதாரணம் காட்டினாள். "அந்த வீட்டப் பாருடி. அம்புட்டுப் பெரிய எழவு விழுந்தும் ஒரு சண்ட உண்டா, ஒரு சத்தம் உண்டா? குடும்பம்னா அப்புடி இருக்கணும்."

தோசைக்கல்லைக் கழுவிப் பரணில் போட்டுவிட்டாள் பிரகதீஸ்வரி. மூன்று வேளையும் சோறு. ஏனென்று எழிலரசன் கேட்கவில்லை. கேள்வி கேட்கிற யோக்கியதையை வராந்தாவிலேயே தொலைத்துவிட்டு வந்த மனிதர்.

ஆவணியில் அவளுக்குப் பல்வலி. அறந்தாங்கியில் பல் டாக்டரிடம் கூட்டிப் போனார். அங்கே காத்திருக்கிற இடத்தில் ஒரு கண்ணாடி மீன்தொட்டி. டோக்கன் நம்பரை மூன்று தடவை கூப்பிட்டார்கள். பிரகதீஸ்வரி எழுந்திருக்கவில்லை. தொட்டியைப் பார்த்தபடியே நின்றாள், ஒரு கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு. வலிக்கு வைத்த கை, வலி இல்லாதவள் வைத்ததுபோல இருந்தது. எழிலரசன் அன்றே வளர்ப்பு மீன் கடையை விசாரித்தார்.

கடைக்காரன் திருமுருகன் விலங்கியலில் எம்.எஸ்ஸி. வாத்தியார் வேலைக்கான பரீட்சையை மூன்று முறை எழுதியவன். கிடைக்காத வகுப்பறையை வாடிக்கையாளர்களை வைத்து நடத்திக்கொண்டிருந்தான்.

"சார், மீனை அப்புறம் பாக்கலாம். மொதல்ல ஒங்க ஊட்டுத் தண்ணிய ஒரு பாட்டில்ல கொண்டாங்க."

கொண்டுபோனார். திருமுருகன் அதில் சொட்டு மருந்து விட்டான். தண்ணீர் நீலமானது. அவன் முகம் மலர்ந்தது.

"ஊட்டுப் பாத்திரமெல்லாம் வெள்ளை வெள்ளையாப் படியுமே சார்?"

"ஆமா தம்பி. போர்த் தண்ணி. சோப்பு நொரைக்காது. பருப்பு வேகாது. தலைக்கு ஊத்துனா முடி கையோட வருது."

"அற்புதம் சார்! ஆப்பிரிக்காவுல மலாவின்னு ஒரு ஏரி இருக்கு. அந்த ஏரித் தண்ணியும் இதே மாதிரிதான், சுண்ணாம்பும் காரமுமா கெடக்கும். அங்கிட்டு உள்ள சிக்லிட் மீனு நல்ல தண்ணியில இருக்கவே இருக்காது. ஒங்க ஊரு தண்ணின்னா துள்ளும்."

திருச்சியைத் தாண்டிப் போகாத திருமுருகன் மலாவியை ஏதோ ஆவுடையார்கோயிலுக்கு அடுத்த ஊர்போலச் சொன்னான். நாற்பது வருடமாக ஊர் கூடித் திட்டிய தண்ணீரை ஒருவன் பாராட்டக் கேட்டதில் எழிலரசனுக்குக் கண் கலங்கும்போல இருந்தது.

"அப்ப கலருக்கு ஒண்ணா ஆறு குடு தம்பி."

"அப்புடி எடுக்கக் கூடாது சார். இது முரட்டு மீனு. யாருக்கு யாரு ஒத்துப்போவாங்கன்னு பாத்துத்தான்..."

"தம்பி, நான் டெய்லி எழுபது பேர ஒரு பஸ்ஸுல ஏத்திக் கொண்டுபோறேன். ஒத்துப்போயித்தான ஏறுறாங்க?"

"அவங்க எறங்கிருவாங்களே சார்," என்றான் திருமுருகன். எழிலரசன் காதில் அது விழவில்லை.

நாலடித் தொட்டியில் ஆறு நிறமும் இரண்டு நாள் அழகாக நீந்தின. அதில் ஔராட்டஸ் என்றொரு மீன். வாங்கும்போது மஞ்சளில் கறுப்புக் கோடு போட்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அடக்கமாக இருந்தது. மற்ற ஐந்தும் தன்னைவிடச் சின்னது என்று தெரிந்ததும் உடம்பு முழுக்கக் கறுத்தது. ஓரத்தில் இருந்த பெரிய கல்லின் கீழ் குழி பறித்து உட்கார்ந்துகொண்டு, கண்ணில் பட்டதையெல்லாம் விரட்டியது. பத்து நாளில் நாலு மீன் செத்தன. மிச்சம் இருந்தது அதுவும், வால் கிழிந்து ஃபில்டருக்குப் பின்னால் ஒளிந்துகொண்ட ஒரு மஞ்சள் மீனும்.

ஆனால் அந்தப் பத்து நாளில் பிரகதீஸ்வரி சமையல்கட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து தொட்டிக்கு முன்னால் போட்டிருந்தாள். செத்ததை அவளே வலையால் எடுத்தாள். பதினோராம் நாள் சாயங்காலம், கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னாள்.

"இந்தக் கறுப்பனத் தூக்கி வேற எங்கயாவது விடக் கூடாதா? கெடந்து அடிக்குது."

எழிலரசன் திரும்பிப் பார்த்தார். வீட்டில் வேறு யாரும் இல்லை. ஆகவே அது அவருக்குத்தான்.

"விட்டுரலாம்," என்றார், அவரும் கண்ணாடியைப் பார்த்து.

மறுநாள் ட்யூட்டி முடிந்ததும் ஔராட்டஸைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்கு ஓடினார். இந்தமுறை வாயைத் திறக்காமல் வகுப்பில் உட்கார்ந்தார்.

"பாருங்க சார். மஞ்சள், இது எலக்ட்ரிக் எல்லோ. இருக்கதுலயே சாது. ஒரு ஆம்பளைக்கு நாலு பொட்டை, ஒங்ககிட்ட மிச்சம் இருக்கதையும் சேத்து. ஆம்பளை ரெண்டு இருந்தா ஒருத்தன ஒருத்தன் முடிச்சிருவான். ஒத்தைக்கு ஒண்ணா விட்டாலும் அந்தப் பொட்டையத் தொரத்தியே கொன்னுருவான்."

"சரி."

"அடுத்து இந்தச் செங்கல் கலரு, ரஸ்டி. அதுவும் ஒண்ணுக்கு நாலு. மூணாவது ஆசெய். நீல ஒடம்பு, மஞ்ச வாலு. அதுவும் ஒண்ணுக்கு நாலு. மூணும் மூணு கலரு, மூணு ஒடம்பு. தன்னைய மாதிரியே இருக்கவன்மேலதான் சார் இதுகளுக்குக் கோவம் வரும். வேற மாதிரி இருந்தா யாரோ எவனோன்னு விட்டுரும்."

"மனுசன்ல அப்புடி இல்லையே தம்பி."

"மனுசன் எனக்கு சிலபஸ்ல இல்ல சார். அப்புறம், பீகாக்னு ஒரு மீனு அழகா இருக்குன்னு கேப்பீங்க. வேணாம். அது பயந்தது, இதுகளோட சேராது. ரத்தப்புழு போடாதீங்க. வயிறு ஊதிரும். கீரைய வேகவச்சு ஆறப்போட்டுக் குடுங்க. முக்கியமானது, புதுசு விடுறதுக்கு முன்னாடி உள்ள இருக்க கல்லு எல்லாத்தையும் வெளிய எடுத்து மாத்தி அடுக்கிருங்க. பழையது பழைய எடத்தையே புடிச்சுக்கிட்டு நிக்கும். எடத்தையே கலைச்சுட்டா எல்லாருமே புதுசாக் குடி வந்த மாதிரி."

எழிலரசன் பழைய டிரிப் ஷீட்டின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

"கடைசியா ஒண்ணு சார். இதுக தொரத்தும், வாயைப் புடிச்சு இழுக்கும், மண்ணப் பறிக்கும். பாத்துப் பயப்படாதீங்க. சண்ட போட்டா நல்லாருக்குன்னு அர்த்தம். சண்ட போடாம எல்லாம் ஒத்துமையா அடியில ஒக்காந்திருந்தா எனக்குப் போன் பண்ணுங்க. நேரங்காலம் பாக்காதீங்க. அதுல ஒரு ராத்திரி விட்டாலும் போச்சு."

எழிலரசன் பேனாவை மூடினார். இதை எழுதவில்லை.

திரும்பும் வழியில் சேவுகன் பையை எட்டிப் பார்த்து எண்ணினார். "பதினாலு. மூணு ஆம்பளைக்கு மட்டும் டிக்கெட் போடு மாப்ளே. மிச்சமெல்லாம் ஃப்ரீ." பிறகு கியரைப் போட்டுக்கொண்டே, குரலைத் தணித்து, "தங்கச்சி பேசுச்சா?" என்றார்.

"பேசுச்சு மாமா. மீனைப் பத்தி."

"மீனைப் பத்தின்னா என்ன. பேச்சு பேச்சுதான."

கல்லைக் கலைத்து அடுக்கும் வேலையை இருவரும் சேர்ந்து செய்தார்கள். அவர் எடுத்துக் கொடுக்க அவள் வைத்தாள். "இங்கிட்டு ஒரு பொந்து வேணும்" என்றாள். "அது சாயுது, அங்கிட்டு முட்டுக்குடுங்க" என்றாள். முழங்கை வரை தண்ணீருக்குள் விட்டிருந்த அவள் கையை எழிலரசன் கண்ணாடி வழியாகப் பார்த்தார். கண்ணாடி வழியாக அது பெரிதாகத் தெரிந்தது. அந்த வாரம், பதினோரு மாதமாக ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த ஸ்கூல் பை பீரோவுக்குள் போனது. யார் எடுத்து வைத்தது என்று யாரும் பேசவில்லை.

மீன்கள் ஒத்துப்போயின. அதாவது நாள் முழுக்கத் துரத்திக்கொண்டு கிடந்தன, யாரும் சாகவில்லை. மஞ்சள் ஆண் வலது மூலையை எடுத்துக்கொண்டது. ரஸ்டி ஆணுக்கு நடுப் பொந்து. கிழிந்த வால் எல்லோர் வீட்டு வாசலிலும் போய் நின்று அடிவாங்கிக்கொண்டு வந்தது. பிரகதீஸ்வரி அரைக்கீரை ஆய்ந்து தண்டை நீக்கி, உப்புப் போடாமல் வேகவைத்துப் போட்டாள். மிச்சத்தை உப்புப் போட்டுக் கடைந்து அவருக்கு வைத்தாள். மீனுக்குப் போகத்தான் தனக்கு என்பதில் எழிலரசனுக்கு வருத்தமில்லை. அவள் பேசியதெல்லாம் தொட்டியைப் பற்றித்தான், தொட்டியிடம்தான். அவர் கடைக்காரன் சொன்னதையெல்லாம் தொட்டியிடம் ஒப்பித்தார். புழு கூடாது என்றார். ஒரு ஆணுக்கு நாலு பெண் என்றார். "நல்ல ஞாயந்தான்" என்றாள் அவள், முகத்தை மாற்றாமல்.

தண்ணீரைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. குழாயைத் திறந்தால் வருவது அந்தத் தண்ணீர்தானே, அதில் சொல்ல என்ன இருக்கிறது. கடைசியாகச் சொன்னதையும் சொல்லவில்லை. இரண்டு தடவை வாயெடுத்தார். சும்மா இருக்கிறதே என்று விட்டுவிடக் கூடாது, ஒரு ராத்திரி விட்டாலும் போச்சு. அந்த வாக்கியத்தை அந்த வீட்டில், அவளைப் பார்த்து, எந்த விதமாகச் சொன்னாலும் அது மீனைப் பற்றியதாக இருக்காது.

ஐப்பசி கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. இன்னும் பத்து நாளில் காவ்யா போய் வருசம் திரும்புகிறது, சொந்தக்காரர்கள் வருவார்கள். பிரகதீஸ்வரி வீட்டை ஒட்டடை அடித்துக் கழுவினாள். தொட்டியின் கண்ணாடியில் உப்பு வெள்ளைக் கோடாகப் படிந்திருந்தது. அதைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது செவந்தி வந்து கதவு நிலையில் சாய்ந்தாள்.

"ஏத்தா, இதுகளுக்கு எந்தத் தண்ணி ஊத்துற?"

"போர்த் தண்ணிதான்க்கா."

"அடிப் பாவமே. நாம வாய் கொப்புளிக்கக்கூட யோசிக்கிற தண்ணி. அதையா இதுக குடிச்சுக்கிட்டுக் கெடக்கு? கண்ணாடியே இந்தப் பாடுன்னா உள்ள இருக்க உசுரு என்னா பாடுபடும்? அதுக வாயத் தொறந்து கேக்குமா?"

வாயைத் திறந்து கேட்காத உயிர் என்றதும் பிரகதீஸ்வரியின் கை நின்றது.

மணமேல்குடியில் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு நல்ல தண்ணி கொடுக்க வேண்டும். அது கேனில் வரும், காசுக்கு வரும். போர்த் தண்ணீரைக் கொடுத்தால் அவமானம். சீக்காளிக்கும் பிள்ளைக்கும் கேன் தண்ணீரைத்தான் சுடவைத்துக் கொடுப்பார்கள். இந்த ஊரில் பிறந்த யாராக இருந்தாலும் அவள் செய்ததைத்தான் செய்திருப்பார்கள். கேன்காரருக்குப் போன் போட்டுப் பத்து கேன் சொன்னாள். "விசேசமாக்கா?" என்று கேட்டார் அவர். "ஆமா" என்றாள். பழைய தண்ணீரை ட்யூப் வைத்து வாசல் செடிக்கு இறைத்துவிட்டு, பத்து கேனையும் தானே சாய்த்துச் சாய்த்து ஊற்றினாள். மதியம் மூன்று மணிக்கு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தபோது, தண்ணீர் இருப்பதே தெரியாத அளவுக்குத் தெளிவாக இருந்தது.

எழிலரசன் ஆறு மணிக்கு வந்தார். தூறிக்கொண்டிருந்தது. வாசலில் பத்து நீலக் கேன்கள், பஸ்ஸுக்கு நிற்பவர்களைப்போல வரிசையாக நின்றன. அவர் ஒரு காலில் செருப்போடு நின்றுவிட்டார்.

"ஏங்க," என்று உள்ளிருந்து குரல் வந்தது.

ஒரு வருடமாகக் கேட்காத சொல்.

"ஏங்க, வந்து பாருங்க. சண்டையே போடல!"

பிரகதீஸ்வரி தொட்டிக்குப் பக்கத்தில் நின்றாள். புடவை முழங்கால்வரை நனைந்திருந்தது. சிரித்துக்கொண்டிருந்தாள். "மத்தியானத்துலேருந்து இப்புடித்தான். ஒண்ண ஒண்ணு முட்டல, மொறைக்கல. அந்த ரஸ்டிப் பயல பாருங்க, மஞ்சக்காரனோட ஒட்டி ஒக்காந்திருக்கத. செவந்தியக்கா சொன்னாங்க, பாவம் அந்தத் தண்ணிய ஊத்துறியேன்னு. பத்து கேனு. பூராம் நல்ல தண்ணி. தண்ணி எரிச்சல்லதான் அம்புட்டு நாளும் அடிச்சுக்கிட்டு கெடந்துருக்குங்க."

எழிலரசன் குனிந்து பார்த்தார். பதினைந்தும் அடியில், கல்லுக்குப் பக்கத்தில், துடுப்பை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. மஞ்சள் வெளுத்திருந்தது. நீலம் சாம்பலாகியிருந்தது. செவுள் மட்டும் வேகமாக அடித்தது.

அவர் கை சட்டைப்பையிலிருந்த போனுக்குப் போனது.

"தோசை ஊத்தவா?" என்றாள் பிரகதீஸ்வரி. "மாவு வாங்கியாந்தேன். கல்லப் பரண்லேருந்து எடுத்துட்டேன். சூடா ரெண்டு தின்னுங்க."

சட்டைப்பையிலிருந்து கை வெறுமனே வந்தது.

"ஊத்து," என்றார்.

தோசை வார்த்து வார்த்துக் கொண்டுவந்து போட்டாள். அடுப்புக்கும் அவருக்கும் நடந்துகொண்டே பேசினாள். செவந்தி வீட்டு ஆடு சித்திரையிலேயே செத்துப்போனதைச் சொன்னாள். ஆடிக்காற்றில் மொட்டைமாடித் தொட்டியின் மூடி பறந்து தபாலாபீஸ் வாசலில் கிடந்ததைச் சொன்னாள். ரேஷனில் கைரேகை விழாமல் மூன்று நாள் அலைந்ததை, கறிவேப்பிலைக் கன்று பட்டுப்போய்த் திரும்பத் துளிர்த்ததைச் சொன்னாள். எல்லாம் பழைய செய்தி. அந்தந்த மாதத்தில் சொல்லியிருக்க வேண்டியது. எழிலரசன் ஒவ்வொன்றுக்கும் "அப்புடியா" என்றார், அன்றைக்கு நடந்ததுபோல. அவள் தோளுக்குப் பின்னால் தொட்டி தெரிந்தது. ஆசெய் ஒன்று மெல்லச் சரிந்து, திடுக்கிட்டதுபோல நிமிர்ந்து, மறுபடி சரிந்தது.

"இன்னொன்னு?"

"வையி."

நாலோடு வயிறு முடிந்திருந்தது. ஏழு தின்றார். நிறுத்தினால் அவள் நாற்காலிக்குப் போவாள். நாற்காலி தொட்டியைப் பார்த்துக் கிடந்தது.

காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். ஒருவேளை காலையில் சரியாகிவிடும் என்றும் நினைத்தார். பட்டு அறியாத ஆளாக இருந்தால் அதை நம்பியிருப்பார்.

விடிந்து அவர் எழுந்து வந்தபோது பிரகதீஸ்வரி வலையோடு நின்றாள். பதின்மூன்று மேலே மிதந்தன. கிழிந்த வாலும் ஒரு ரஸ்டிப் பெண்ணும் கல் சந்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. அவள் எதையும் எடுக்கவில்லை. வலையின் நுனி தண்ணீரைத் தொட்டபடி இருந்தது.

எழிலரசன் போன் போட்டார். பஸ் இரைச்சலில் பேசிப் பழகியவர் போன்; எதிர்முனை எட்டு வீட்டுக்குக் கேட்கும்.

"கேன் தண்ணியா?" என்றான் திருமுருகன், தூக்கம் கலைந்து. "சார்! அதுல ஒண்ணுமே கெடையாது சார், வெறுந்தண்ணி. திடீர்னு மாத்துனா ஒடம்பு தாங்காது. எப்பலேருந்து அமைதியா இருந்துச்சு?"

"நேத்து. சாயங்காலம் பாத்தேன்."

"நேத்து சாயங்காலமே போன் பண்ணியிருந்தா பாத்திருக்கலாமே சார். போர்த் தண்ணிய மக்கு மக்கா ஊத்தியிருந்தா முக்காவாசி பொழைச்சிருக்கும். நாந்தான் படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, சும்மா இருந்தா ஒடனே போன் பண்ணுங்கன்னு."

இப்போதும் ஊற்றலாம், கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள், மிச்சத்தையாவது பார்க்கலாம் என்றான். எழிலரசன் போனை வைத்தார்.

"ஒங்களுக்கு நேத்தே தெரியுமா?" என்றாள் பிரகதீஸ்வரி.

வண்டி ஏன் லேட் என்று பதினெட்டு வருடமாகப் பொய் சொல்லிச் சம்பளம் வாங்கிய வாய். இதற்குப் பொய் வரவில்லை.

"தெரியும்."

"எப்ப?"

"வாசல்ல கேனப் பாத்ததுமே."

"பெறகு ஏன் சொல்லல?"

"நீ சிரிச்சே, பிரகதி," என்றார். "அதான் விட்டுட்டேன்."

அவள் அவரைப் பார்த்தாள். கண்ணாடியை அல்ல, அவரை. வலையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் தரையில் விழுந்தது.

"அன்னைக்கு அவளும் சிரிச்சா."

கண்ணை எடுக்காமல் மேலே சொன்னாள்.

"சாயங்காலம் எந்திரிச்சு ஒக்காந்து, அம்மா பசிக்குது, தோசை ஊத்துன்னா. நாலு நாளா பச்சத் தண்ணி எறங்காத புள்ள. ரெண்டு தின்னுச்சு. ரெண்டாவதுல பாதிய எனக்கு ஊட்டி விட்டுச்சு. காச்ச போயிருச்சும்மா, டாட்டா சொல்லிருச்சுன்னு சிரிச்சா. நான் அவ சிரிக்கிறதப் பாத்துக்கிட்டிருந்தேன். பக்கத்துலயே இருந்து என்னத்தப் பாத்தேன்னு கேட்டீங்கள்ல? அதத்தான் பாத்தேன்!"

கடைசிச் சொல் கத்தலாக வந்தது. வலை அவர் மார்பில் வந்து விழுந்தது.

"நீங்க ஒரு சாயங்காலம் விட்டீங்க. நானும் ஒரு சாயங்காலந்தான விட்டேன்? ஒரே ஒரு சாயங்காலம்! அதுக்கு முப்பது பேரு முன்னாடி... ஒங்கக்கா முன்னாடி, எங்க அப்பா முன்னாடி... எம்புள்ளைய நானே கொன்ன மாதிரி..."

அதற்குப் பிறகு வந்தவை வரிசையாக இல்லை. போன கார்த்திகையும் இந்த ஐப்பசியும் கலந்து வந்தன. வாயில் வராத வார்த்தைகளும் வந்தன. செவந்தி ஓடிவந்து வாசலில் கேன்களுக்கு நடுவில் நின்றாள். பின்னால் அவள் மருமகள். "என்னடியம்மா இது, இந்த வீட்லயா?" என்றாள் செவந்தி. மருமகள் மாமியாரைப் பார்த்தாள்.

எழிலரசன் சமாதானம் சொல்லவில்லை. கொல்லைக்குப் போய்ப் போர்க்குழாயைத் திறந்து வாளியில் பிடித்துவந்தார். மக்கில் எடுத்து, கல் சந்துக்கு மேலாக, மெதுவாக ஊற்றினார். அவள் பேசப் பேச ஊற்றினார். முகம் நனைந்திருந்தது. துடைக்கவில்லை.

போன் அடித்தது. சேவுகன்.

"மாப்ளே, ஆறு பத்து வண்டிய எடுக்கணும். எங்க இருக்க? அது என்ன சத்தம், டி.வி.யா?"

"இல்ல மாமா. வீட்ல."

"வீட்லயா? யாரு?"

"பிரகதிதான். என்னையத் திட்டுறா."

மறுமுனையில் பஸ் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு நின்றது.

"லீவு சொல்லிரவா மாப்ளே?"

"சொல்லிருங்க மாமா," என்றார் எழிலரசன், அடுத்த மக்கை எடுத்துக்கொண்டே. "ஒரு வருசத்துக்கு உண்டானது இருக்கு."